எட்டு நாள் மகள்

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். நான் வைத்தியர்கூட இல்லை. அம்பாசமுத்திரம் மெயின் ரோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஆனால் டாக்டர் வீட்டு வாசலில் காத்துக்கிடக்க நேரமில்லாத பாதி ஊருக்கு நான்தான் வைத்தியர். "அண்ணாச்சி, பிள்ளைக்குச் சளி, ரெண்டு மாத்திர குடுங்க" என்பார்கள். கொடுப்பேன். ஐந்து நாளைக்குத் தர வேண்டியதை மூன்று வேளைக்கு வெட்டிக் கொடுப்பேன். அவர்கள் கேட்பது அவ்வளவுதான், எங்கள் தொழில் வழக்கமும் அதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

என் மகள் உலகம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பாபநாசத்து அம்மன் பெயர், நாங்கள் உலகு என்று கூப்பிடுவோம். எட்டு வயது. மதியம் கடையில் ஆள் வராத நேரத்தில் இதை எழுதுகிறேன். விசாரிக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கதையைக் கொண்டுபோய் ஆளுக்கொரு கதையாகத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். என்ன நடந்தது என்று ஒரு இடத்திலாவது சரியாக இருக்கட்டும்.

உலகுவுக்கு ஒன்றரை வயதில் காதில் சீழ் வந்தது. மருந்துக் கம்பெனி ரெப்புகள் டாக்டர்களுக்குக் கொடுக்கும் சாம்பிள் பாட்டில்களில் நாலைந்தை என் மேசையிலும் வைத்துவிட்டுப் போவது உண்டு. ஆரஞ்சு வாசனையோடு தித்திப்பான ஆன்டிபயாடிக் மருந்து. அதில் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தேன், சீழ் நின்றது. மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தது. வேறு கம்பெனி பாட்டில் ஒன்று கொடுத்தேன். காது, சளி, காய்ச்சல், ஏதோ ஒன்று வந்துகொண்டே இருந்தது. நானும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். டாக்டரிடம் காட்டுவோம் என்று என் மனைவி வேலம்மாள் சொன்னபோது, "வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையச் சொல்லுதியா?" என்று சிரித்தேன்.

மருந்து பாட்டிலோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி வரும், உள்ளே அளவுக் கோடு போட்டிருக்கும். அதில் ஊற்றித்தான் கொடுப்பேன். வாயைத் திறக்கவில்லையென்றால் மூக்கைப் பிடிப்பேன். மூச்சுக்காகத் திறந்துதானே ஆக வேண்டும். சீழ் நின்றதும் மிச்ச மருந்தைக் கொட்டிவிட்டு வேலம்மாள் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து அடுக்களையில் வைத்துக்கொள்வாள். கடுகு, வெந்தயம், மிளகு, ஓமம், எல்லாம் எங்கள் வீட்டில் மருந்து பாட்டிலில்தான். லேபிளைக்கூட அவள் கிழிக்கமாட்டாள். எந்த லேபிளில் எந்தச் சாமான் என்று அவளுக்கு மனப்பாடம்.

இரண்டு வயதுக்குள் உலகு நாலைந்து சொல் பேசினாள். அப்பா, அம்மா, தண்ணிக்கு ஒரு சொல், அப்புறம் பஸ். எங்கள் கடை முன்னாலேயே தென்காசி பஸ் போகும், அதைப் பார்த்துக் கையை ஆட்டி "பஸ்" என்பாள். அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. எந்த நாளில் எது போனது என்று கேட்டால் தெரியாது. வந்த நாளைக் கொண்டாடுகிறோம், போகிற நாளை யார் கவனிக்கிறார்கள்? கூப்பிட்டால் திரும்பமாட்டாள், முகத்தைப் பார்க்கமாட்டாள், வெள்ளையாக இருப்பதைத் தவிர வேறு எதையும் சாப்பிடமாட்டாள். வெறும் சோறு, வெறும் இட்லி, அவ்வளவுதான். அந்தச் சமயத்திலேயே வயிறும் கெட்டது.

நாலு வயதில் மதுரையில் ஒரு பெரிய டாக்டரிடம் கொண்டுபோனோம். காலை ஒன்பதிலிருந்து பகல் இரண்டு மணி வரை காத்திருந்தோம். உலகு அந்த அறையில் சுழன்ற மின்விசிறியைப் பார்த்தபடி தானும் சுழன்றுகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் முதலில் கேட்டது, "சொந்தத்தில் கல்யாணமா?" வேலம்மாள் என் தாய்மாமன் மகள். ஆமாம் என்றேன். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்களுக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. என் அக்காவே, "அப்பமே சொன்னேன், சொந்தத்துக்குள்ள கெட்டாதீங்கன்னு" என்றாள். அவள் அப்போது அப்படிச் சொல்லவே இல்லை. தாலி முடிச்சுப் போட்டதே அவள்தான்.

ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். நான் அந்தச் சொல்லைக் கேட்டது அன்றைக்குத்தான். பிள்ளைக்குக் காது கேட்கும், கண் தெரியும், ஆனால் கேட்பதையும் பார்ப்பதையும் மூளை வேறு விதமாக வாங்கிக்கொள்ளும், அதனால் பேச்சும் மற்றவர்களோடு பழகுவதும் லேசில் வராது என்று விளக்கினார். என்ன மருந்து என்று கேட்டேன். மருந்து கிடையாது, பயிற்சிதான் என்றார். மருந்து கிடையாது என்பதை ஒரு மருந்துக்கடைக்காரனிடம் சொன்னால் அவன் காதில் ஏறாது. எனக்கு ஏறவில்லை.

அவள் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் நாலைந்து தடவை தண்ணீராகப் போகும். பாவாடை நனைந்ததுகூடத் தெரியாமல் நிற்பாள். வயிற்றுப்போக்கை நிறுத்த நான் ஒரு மருந்து கொடுப்பேன், கிருமி இருக்கும் என்று கூடவே இன்னொன்று. இரண்டு நாள் நிற்கும், மறுபடி போகும். ஆட்டுரல் விளிம்பில் வயிற்றை அழுத்திக் குப்புறத் தொங்கிக்கொண்டு கிடப்பாள். மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். சுவரில் தலையை மோதுவாள். ஊர் டாக்டர், இந்த மாதிரிப் பிள்ளைகள் அப்படித்தான் என்றார். பக்கத்து வீட்டில் கிறுக்கு முற்றிவிட்டது என்றார்கள். புத்தி வேறு மாதிரி இருக்கிற பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, என்னை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களைத் திட்ட நான் வரவில்லை.

போன வருஷம் ஆடி மாதம் மூன்று நாள் சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தாள், கத்திக்கொண்டே இருந்தாள். வாடகைக் கார் பிடித்துப் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பணியில் இருந்த டாக்டர் தூரத்திலேயே நின்று பார்த்தார். "ஆட்டிசமா? அப்போ கத்தத்தான் செய்யும்" என்று தூங்குவதற்கு ஊசி எழுதினார். அவள் தூங்கினாள். கத்தல் நின்றதும் எல்லோருக்கும் நோய் நின்ற மாதிரி நிம்மதி.

மறுநாள் காலை குழந்தைகள் டாக்டரம்மா வந்தார்கள். சின்ன வயது, நாகர்கோவில் பக்கம். அவர்கள் செய்தது ஒன்றுதான். படுக்கையில் உட்கார்ந்து உலகுவின் வயிற்றில் கை வைத்தார்கள். இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் அதைச் செய்யவில்லை.

"என்ன இது, கல்லு மாதிரி இருக்கு?" என்றார்கள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். குடல் முழுக்க இறுகிப்போன மலம். "வயிறு போகுதுன்னு நீங்க நினைச்சது வயித்துப்போக்கே இல்ல. அடைச்சுக் கிடக்குறதைச் சுத்தி ஒழுகுற தண்ணி. நிறுத்துறதுக்கு மருந்து குடுக்கக் குடுக்க இது இறுகிட்டே போயிருக்கு."

"எத்தன நாளா வலிச்சிருக்கும் டாக்டரம்மா?" என்று வேலம்மாள் கேட்டாள்.

"மாசக்கணக்கா இருக்கும். வருஷமாக்கூட இருக்கலாம்."

வேலம்மாள் என்னைப் பார்த்தாள். "அத்தான், பிள்ள வயிறு வலிச்சுல்லா தலைய மோதிருக்கா. நாம அவ தலையில எண்ணெயத் தேய்ச்சிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

ஐந்து நாள் எனிமா கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்தார்கள். நானும் வேலம்மாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். உலகு என் தோளைக் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. சொந்தத்துக்குள்ள கெட்டாதீங்க என்று சொன்ன என் அக்கா தினமும் முதல் பஸ்ஸில் அம்பாசமுத்திரத்திலிருந்து இட்லி கொண்டுவந்தாள். வாழையிலையின் பச்சை ஒட்டினால் உலகு தொடமாட்டாள் என்று வீட்டிலிருந்த வெள்ளை வேட்டி ஒன்றைக் கிழித்து, வேகவைத்துக் காயப்போட்டு, அதில் சுற்றிக் கொண்டுவந்தாள். அவள் நாக்கு எவ்வளவு பொல்லாததோ கை அவ்வளவு நல்லது. இரண்டையும் சேர்த்துத்தான் அவளை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மலப் பரிசோதனையில் கிருமித் தொற்றும் இருந்தது. அதற்கு ஏழு நாளைக்கு மெட்ரானிடசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது மலமிளக்கி பாட்டில் ஒன்று கொடுத்து, இதை மாதக்கணக்கில் விடாமல் கொடுக்க வேண்டும், இதுதான் முக்கியம் என்றார்கள். பிறகு நான் கேட்காமலே குடலைப் பற்றிச் சொன்னார்கள்.

"நம்ம குடல்ல கோடிக்கணக்கா கிருமி இருக்கு. முக்கால்வாசி நல்லது. சாப்பாட்டைச் செரிக்க வைக்கும், கெட்டது வந்தா இடம் குடுக்காது. அடிக்கடி ஆன்டிபயாடிக் குடுத்தா நல்லதும் சேர்ந்து செத்துடும், அந்த எடத்துல கெட்டது வந்து உக்காந்துக்கும். அதுங்க கழிக்கிற சரக்கு ரத்தத்துல கலந்து மூளை வரைக்கும் போகுமோ, இந்தப் பிள்ளைகளோட நடத்தைக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமோன்னு வெளிநாட்டுல சில பேர் யோசிக்கிறாங்க. யோசிக்கத்தான் செய்றாங்க. யாருக்கும் இன்னும் உறுதியாத் தெரியாது."

இதில் நான்கு செய்தி இருக்கிறது. அடிக்கடி ஆன்டிபயாடிக் கொடுக்காதே என்பது ஒன்று. நல்ல கிருமி என்று ஒன்று இருக்கிறது என்பது ஒன்று. யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்பது ஒன்று. என் காதில் விழுந்தது நாலாவது மட்டும்தான். கெட்ட கிருமி மூளை வரைக்கும் போகிறது. கிருமியைக் கொல்ல என் கடையில் மருந்து இருக்கிறது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் உலகு கடைக்கு வந்தாள். வேலம்மாள் கூட்டிவந்தாள். முன்பெல்லாம் கடைக்கு வந்தால் கண்ணாடிப் பெட்டியை அடித்துக்கொண்டே இருப்பாள். அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே இருந்தாள். தென்காசி பஸ் வந்தது. அவள் பஸ்ஸைப் பார்த்தாள், திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"பஸ்" என்றாள்.

நாலரை வருஷத்துக்கு முன்னால் போன சொல். மருந்து வாங்க நின்ற இரண்டு பேர் கையைத் தட்டினார்கள். ஒருவர், "என்னவே அண்ணாச்சி, பிள்ள பேசிட்டாளே! முட்டாய் வாங்கிக் குடும்" என்றார். நான் கல்லாவில் உட்கார்ந்து அழுதேன். நாற்பது வயது ஆள், மெயின் ரோட்டில், பட்டப்பகலில் அழுதேன்.

எட்டு நாள் அப்படி இருந்தாள். தலையை மோதவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டுக்கு ஒரு தடவை திரும்பினாள். ஒரு நாள் சாயங்காலம் ஆற்றுக்குக் கூட்டிப்போனேன். படித்துறையில் என் மடியில் உட்கார்ந்து என் சட்டைப் பொத்தானை மாட்டினாள், கழற்றினாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் மகளோடு நான் இருந்தது மொத்தம் அந்த எட்டு நாள்தான். ஒன்பதாம் நாள் கொஞ்சம் மங்கினாள், பன்னிரண்டாம் நாள் முழுக்கப் போய்விட்டாள். சுவரில் சத்தம் மறுபடி கேட்டது.

மலம் இறங்கி வலி தீர்ந்ததால் அவள் அமைதியானாளா, கிருமி செத்ததால் அமைதியானாளா? நிதானமுள்ளவன் இதைக் கேட்டிருப்பான். வேலம்மாள் கேட்டாள். "வலி தீந்ததாலதான் அத்தான் சிரிச்சா. அந்த எளக்குற மருந்த விடாமக் குடுப்போம்" என்றாள். நான் அதை ஏற்கெனவே நிறுத்தச் சொல்லியிருந்தேன். வயிறுதான் சரியாகிவிட்டதே, பேதி மருந்து எதற்கு என்று. எனக்குத் தேவைப்பட்டது கிருமியைக் கொன்ற மருந்து.

மெட்ரானிடசோலை மறுபடி ஏழு நாள் கொடுத்தேன். லேசாகத் தெளிந்தாளோ என்று தோன்றியது, தோன்றத்தான் செய்தது. பிறகு ஆம்பிசிலின். பிறகு புதிதாக வந்திருந்த, விலை கூடின ஒன்று. பிள்ளைகளுக்கான பாட்டில் இல்லாதபோது பெரியவர்கள் கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைச் சீனித்தண்ணீரில் கலந்தேன். மூடியில் ஊற்றுவேன், மூக்கைப் பிடிப்பேன்.

"டாக்டரம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு குடுங்க அத்தான்."

"நான் இருவது வருசமா மருந்து விக்கேன்ட்டி. எனக்குத் தெரியாதா?"

"விக்கத் தெரியும்" என்றாள். அதற்கு மேல் அவள் பேசவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம் என்று பிறகு எனக்குக் கோபம் வந்தது. தான் செய்த தப்பை அடுத்தவன் தடுக்கவில்லை என்று கோபப்படுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஐப்பசி மழையில் உலகுவுக்குக் காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை நிஜமான வயிற்றுப்போக்கு, சளியும் இரத்தமுமாக. வயிறு தவில் மாதிரி உப்பிவிட்டது. மறுபடி அதே மருத்துவமனை, அதே டாக்டரம்மா. வயிற்றில் கை வைத்துக்கொண்டே கேட்டார்கள்.

"வீட்ல ஏதாவது ஆன்டிபயாடிக் குடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று இன்று வரைக்கும் யோசிக்கிறேன். பயம்தான். பக்கத்தில் நர்ஸ் நின்றாள், அடுத்த படுக்கைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரன் தன் பிள்ளைக்கே தப்பான மருந்து கொடுத்தான் என்றால் ஊரில் என் கடைப்படியை யார் மிதிப்பார்கள்? அந்த நேரத்தில் நான் நினைத்தது கடையை. அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் இல்லை என்றதால் அவர்கள் இதைக் கடுமையான சீதபேதி என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்கு என்ன செய்வார்கள்? இன்னும் பலமான ஆன்டிபயாடிக். குளுக்கோஸ் பாட்டிலோடு சொட்டுச் சொட்டாக ஏறியது. இரண்டு நாள் அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உலகு இன்னும் மோசமானாள். கத்தவில்லை, கடிக்கவில்லை. கையைத் தூக்கினால் விழுந்தது. அவள் சுவரில் தலையை மோதினால் போதும் என்று நான் வேண்டிக்கொண்ட நாட்கள் அவை.

மூன்றாம் நாள் காலையில் வேலம்மாள் மாற்றுத்துணி எடுத்துவரப் போகிறேன் என்று ஊருக்குப் பஸ் ஏறினாள். மத்தியானம் திரும்பி வந்தாள். கையில் ஒயர் கூடை. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் நேரே டாக்டரம்மா அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் கூடையிலிருந்து பாட்டில்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். அடுக்களைப் பாட்டில்கள். சாமானைக் கொட்டிவிட்டு வந்திருந்தாள், ஒன்றின் அடியில் கடுகு நாலைந்து ஒட்டியிருந்தது. அறை முழுக்க ஓமம், வெந்தய வாசனை.

"இதெல்லாம் எம் பிள்ளைக்குக் குடுத்தது டாக்டரம்மா. இந்தப் பக்கம் இருக்கது கைப்பிள்ளையில குடுத்தது. இந்தக் கடைசி அஞ்சும் இப்ப ரெண்டு மாசத்துக்குள்ள. கேப்ஸ்யூலும் குடுத்தாவ, அதுக்குப் பாட்டில் கெடையாது."

டாக்டரம்மா லேபிளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். திட்டுவார்கள் என்று நின்றேன். திட்டவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, "அந்த டிரிப்பை நிறுத்துங்க" என்றார்கள்.

குடலில் நல்ல கிருமியெல்லாம் செத்தபின், வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்குச் சாகாத ஒரு கெட்ட கிருமி தனிக்காட்டு ராஜாவாகப் பெருகும், அது கக்குகிற விஷம்தான் குடலை அரித்து இரத்தமாக வருகிறது என்று விளக்கினார்கள். இவ்வளவு முற்றியபின் அதைக் கொல்ல வழி, வான்கோமைசின் என்ற ஊசி மருந்தைக் கரைத்து வாய் வழியாகக் கொடுப்பது. திருநெல்வேலியில் தேடியும் அன்றைக்குக் கிடைக்கவில்லை. நான் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மதுரை மொத்தக்கடைக்குப் போன் போட்டேன். சாயங்காலம் மதுரை பஸ் கண்டக்டர் கையில் பார்சல் வந்தது. இருபது வருஷமாக மருந்து விற்றதற்கு என் பிள்ளைக்கு ஆன ஒரே உபயோகம் அந்த ஒரு போன்.

அந்த மருந்து கொடுக்கத் தொடங்கிய நாலாம் நாள் இரத்தம் நின்றது. ஆறாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிற மாதிரி அக்காவின் பையைப் பிடித்து இழுத்தாள். எட்டாம் நாள் நான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது அவள் கை நீண்டு என் சட்டைப் பொத்தானைப் பிடித்தது. கழற்றினாள், மாட்டினாள். முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நர்ஸ்கூடக் கவனித்துவிட்டு, "பாப்பா இன்னிக்கு நல்லாப் பாக்குதாளே" என்றாள்.

நான் எழுந்து டாக்டரம்மாவிடம் போனேன். இவ்வளவுக்குப் பிறகும் போனேன் என்பதை நம்பமாட்டீர்கள்.

"இந்த மருந்த இன்னும் ஒரு மாசம் குடுங்க டாக்டர். அவ பாக்குதா. என்னைத் தெரியுது அவளுக்கு."

"பத்து நாள்தான். அதுக்கு மேல கூடாது."

"நிறுத்தினா மறுபடி போயிருவா டாக்டர்."

"போகலாம். இந்த மருந்தாலதான் பாக்குறாளா, வலி கொறஞ்சதால பாக்குறாளா, எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி உங்ககிட்ட நான் சொல்லவும் மாட்டேன். வருஷம் பூரா இதைக் குடுத்தா மறுபடி இதே நிலைமைக்கு வருவா. அப்போ நான் என்ன குடுக்க?"

"மொதல்ல அவளுக்கு இப்படி ஆனதே நான் குடுத்த மருந்தாலயா? அதையாவது சொல்லுங்க."

"அதுவும் தெரியாதுங்க" என்றார்கள். ஆம் என்றிருந்தால் அழுதிருப்பேன், இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

வாசலில் வேலம்மாள் நின்றுகொண்டிருந்தாள், எல்லாம் கேட்டிருக்கிறாள். "அவ பாக்காட்டாலும் எம் பிள்ளதான்" என்றாள். "ஒங்களப் பாக்கணுங்கதுக்காக அவ சாகணுமோ?" கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியது அன்றைக்கு ஒரு நாள்தான். பத்தாம் நாள் மருந்தை நிறுத்தினார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்துக்குள் உலகு பழையபடி ஆனாள்.

பழையபடி என்பது முழுக்கச் சரியில்லை. மலமிளக்கியை வேலம்மாள் ஒரு நாள் விடாமல் கொடுக்கிறாள், வயிறு ஒழுங்காக இருக்கிறது. தலையை மோதுவது வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள்தான். மோர் நல்லது என்று டாக்டரம்மா சொன்னார்கள், அதுவும் வெள்ளைதான் என்பதால் குடிக்கிறாள். வலி வந்தால் அம்மா கையை எடுத்துத் தன் வயிற்றில் வைக்கிறாள். பேச்சு இல்லை. பஸ் போகும்போது பார்க்கக்கூட மாட்டாள்.

அடுக்களையில் இப்போது எவர்சில்வர் டப்பாக்கள். கடையில் நான் மூன்று வேளைக்கு வெட்டிக் கொடுப்பதில்லை, டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக்கும் கொடுப்பதில்லை. "அண்ணாச்சிக்கு என்னமோ ஆயிட்டுவே" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். நான் திருந்தியதால் ஊரில் ஒரு குழந்தையும் பிழைக்கவில்லை. அந்த எட்டு நாளைத் தந்ததாக நான் நம்பிய மருந்து என் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தட்டில் இருக்கிறது. தினமும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

உலகு யார் ஊட்டினாலும் சாப்பிடுகிறாள். வேலம்மாள், என் அக்கா, பக்கத்து வீட்டுப் பெண், யாரானாலும் சரி. என் கையில் ஸ்பூனைக் கண்டால் மட்டும் பல்லை இறுகக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தன் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். போன வெள்ளிக்கிழமை வேலம்மாளின் தம்பி வந்திருந்தான். நான் வெள்ளையாகப் பால்சோறு பிசைந்து ஒரு ஸ்பூன் எடுத்து நீட்டினேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். முகம் சிவந்து, மூச்சு முட்டி, அப்போதும் கையை எடுக்கவில்லை.

"விடுங்க அத்தான், ஒண்ணுந் தெரியாத பிள்ள" என்றான் மச்சினன்.

நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன். அவள் கையை எடுத்து மூச்சு விட்டாள்.